இன்ஸ்பெக்டர் அக்கா ஊற்றிய தண்ணீர்

பிரசவ வார்டில் அவள் பார்த்த வேலைக்கு ஆயா வேலை என்று பெயர். ஆனால் அவளை ஆயா என்று யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுப் பார்த்தால் அல்லவா தெரியும் சேதி! பெரிய டாக்டர் முதல் நேற்றுச் சேர்ந்த நர்ஸ் வரை எல்லார் வாயிலும் அவள் 'இன்ஸ்பெக்டர் அக்கா'தான். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் போதும், "இதுல மனுஷி படுத்தாளா, மாடு படுத்துச்சா?" என்று ஆரம்பித்துவிடுவாள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் செருப்போடு உள்ளே நுழைந்தால், அவர்கள் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் வாசலுக்குத் திருப்பிவிடுவாள்.

முதலில் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் இடத்தில்தான் சேர்ந்தாள். அங்கே கொதிக்கிற தொட்டிகளுக்கு நடுவில் வேர்த்து விறுவிறுத்துக் கிடந்தவளை, வார்டில் ஆள் குறைகிறது, ரெண்டு நாள் வந்து சமாளி என்று மேலே அழைத்தார்கள். வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. பிறந்த பிள்ளையை ஒற்றைக் கையில் ஏந்தி மறு கையால் துடைக்கிற லாவகம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ! ஒரு பிள்ளை அவள் கையிலிருந்து நழுவியது என்ற பேச்சு இல்லை. வேன் ஓட்டுகிற அவள் புருஷன் இதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்துபோவான். "எம் பொண்டாட்டி தூக்குனா, அழுவுற பிள்ளைகூட ஒரு தடவை யோசிச்சுட்டுத்தான் அழும்" என்பான்.

சாமி விஷயத்தில் மட்டும் அவளுக்கு யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லை. கும்பிடுகிறவர்களைக் கேலி செய்ய மாட்டாள், தானும் கும்பிட மாட்டாள். கேட்டால், "வேலை முடிஞ்சா வீடு, வீடு முடிஞ்சா வேலை. நடுவுல நான் எங்க போயி கைகூப்புறது?" என்பாள். அப்படிப்பட்டவள்தான் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாள்.

தையல் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு மாதம் நிறைவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. பிறந்தது பெண் குழந்தை. ஒரு பிடிதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூச்சுக்குக் குழாய் போட்டும் உதடு நீலம் மாறவில்லை. "மனசைத் தேத்திக்கோங்க" என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். தையல்காரி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பிள்ளை போவதற்குள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் புருஷன் ஃபாதரைத் தேடி ஓடினான். ஃபாதரோ எங்கோ தள்ளியிருக்கிற கிளைக் கோயிலில் ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அக்காதான் தையல்காரியைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பெட்டி பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் ஊசி, உடம்பில் காய்ச்சல், அவளால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. அறையில் இருந்த நர்ஸ் அந்தக் கோடியில் டாக்டரோடு போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க ஊத்துங்கக்கா."

"என்னத்தை ஊத்தச் சொல்றே?"

"தண்ணி. உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சின்ன வயசுலயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"யம்மா, நான் உங்க கோயில் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. நான் உங்க ஆளு இல்லை கண்ணு."

"பரவாயில்லைக்கா. எம் பிள்ளை அப்படியே போயிடக் கூடாது."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை. மருந்து கொடுக்கிற சின்னக் கிண்ணத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எடுத்தாள். எடுத்தவள் அதை வெந்நீர்ச் சட்டியில் கொஞ்ச நேரம் பிடித்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு இளஞ்சூடு பார்த்தாள். போகப் போகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். தையல்காரி உதடு நடுங்க வார்த்தைகளைச் சொன்னாள், இவள் ஊற்றினாள்.

"ஐயோ அக்கா! ஊத்துற ஆளேதான் சொல்லணும்! நான் சொல்லி நீங்க ஊத்துனா செல்லாது!"

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? சரி, சொல்லு. நான் திருப்பிச் சொல்றேன்."

அந்த நேரத்திலும் ஒரு அதட்டல்! தையல்காரி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தாள். இவள் மனதில் வாங்கிக்கொண்டாள். பிறகு பிள்ளையின் பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்" என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு மறுபடி ஊற்றினாள். தையல்காரி நாற்காலியில் அப்படியே சரிந்தாள்.

பிள்ளை போகவில்லை. ஊசி பிடித்ததோ, தண்ணீர் பிடித்ததோ, அதன் பிடிவாதமோ, பொழுது சாய்வதற்குள் உதட்டில் ரத்தம் ஓடியது. காய்ச்சல் இறங்கின பிறகு தையல்காரிக்கு அன்றைய மதியம் அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. ஒருநாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் அக்கா அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து, ஒரு பெட்டி பிஸ்கட்டோடு ஒரு அம்மாள் வார்டுக்கு வந்தாள். தையல்காரியின் நாத்தனார். பிள்ளைக்கு அத்தை. அன்றைக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அழுதவள் இவள்தான். தையல்காரியின் உதடு அசைந்ததையும் அக்கா தண்ணீர் ஊற்றியதையும் பார்த்துவிட்டு, தம்பிக்குப் போன் போட ஓடியவள். அடுத்து நடந்ததை அவள் பார்க்கவில்லை.

"ஒரு சின்ன உதவிங்க" என்று ஆரம்பித்தாள். "பிள்ளைக்குக் கோயில்ல ஞானஸ்நானம் வைக்கலாம்னு போனோம். அன்னிக்குக் கொடுத்தது செல்லும்னா ரெண்டாம் தடவை தண்ணி ஊத்தவே கூடாதுங்கிறாரு ஃபாதர். வார்த்தையை யாரு சொன்னதுன்னு எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஞாபகம் இல்லை. உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. சந்தேகம்னு வந்துட்டா அவரே ஊத்துவாராம். நீங்க வந்து ஞாபகம் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"எதுக்கு?"

"எனக்குப் பிள்ளை இல்லைங்க. நான்தான் ஞானத்தாய். நான் கையில ஏந்திக்கிட்டு நிக்க, ஃபாதர் தண்ணி ஊத்தணும். எத்தனை நாள் ஆசை தெரியுமா?"

அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. வார்டில் வேலை பார்ப்பவளுக்குப் பிள்ளையில்லாதவளின் ஏக்கம் தெரியாதா? என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அதுவுமில்லாம, தப்பா நினைக்காதீங்க, ஏதோ ஆயா ஊத்துன தண்ணின்னு சொன்னா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

போச்சு. அக்கா பிஸ்கட் பெட்டியை எடுத்து அவள் கையிலேயே வைத்தாள்.

"பார்க்கிற நேரம் முடிஞ்சுதுங்க. வெளியில போங்க."

கோபத்தில் அனுப்பிவிட்டாளே தவிர, அன்றைக்கு வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புருஷன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன, சாமியாரம்மாவுக்கு இன்னிக்கு உபவாசமா?"

"சும்மா இருங்க. எனக்கே மனசு அடிச்சுக்குது. நம்பிக்கையே இல்லாத பொம்பளை நான். நான் சொன்னது எப்படிச் செல்லும்? செல்லாதுன்னா, அந்தப் பிள்ளை அன்னிக்கே போயிருந்தா, நான் அந்தத் தாயை ஏமாத்தி அனுப்புன மாதிரிதானே? அவ என் கையைத்தானே நம்புனா?"

அவன் கேலியை நிறுத்தினான். "அதுக்கு இங்க உட்கார்ந்து குமைஞ்சா? போயி நேராக் கேளு. ஊரையே விசாரிக்கிறவளுக்கு, தன்னை விசாரிச்சா பயமா?"

வருவதாக ஃபாதருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, விடுப்பு நாளில் இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு கோயில் அலுவலகத்துக்குப் போனாள். மெழுகு வாடை, சுவரோரம் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரவென்று சுற்றுகிற மேசை விசிறி. தையல்காரியும் புருஷனும் நாத்தனாரும் முன்பே வந்திருந்தார்கள். தையல்காரி மடியில் பிள்ளை கொழுகொழுவென்று உட்கார்ந்து முஷ்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அக்காவுக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

ஃபாதர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காருங்கம்மா. தண்ணி எதுல ஊத்துனீங்க?"

"மருந்துக் கிண்ணத்துல."

"வெறும் தண்ணிதானா? மருந்து எதுவும் கலக்கலையே?"

"நான் கழுவி வச்ச கிண்ணம் ஃபாதர். அதுல மருந்து எப்படி இருக்கும்?"

"தலையில தொப்பி இருந்துச்சா?"

"கழட்டிட்டுத்தான் ஊத்துனேன். தொப்பி நனைஞ்சா பிள்ளைக்குக் குளிர் ஏறாது? அதுகூடத் தெரியாமலா இந்த வேலைக்கு வந்தேன்?"

ஃபாதர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தண்ணி ஓடுச்சா, இல்லை விரலால தொட்டு வச்சீங்களா?"

"ஓடுச்சு. காதுக்குப் பின்னால இறங்குச்சு, பஞ்சு வச்சு ஒத்தி எடுத்தேன்."

"சரி. வார்த்தையை யாரு சொன்னது?"

நாத்தனார் அவளையே பார்த்தாள். கண்ணில் கெஞ்சல் இருந்தது, அதிகாரம் எதுவும் இல்லை. அந்தப் பார்வைதான் அக்காவைக் கஷ்டப்படுத்தியது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் எல்லாருக்கும் நல்லது என்றுகூடத் தோன்றியது. பிறகு தையல்காரியைப் பார்த்தாள். அன்றைக்கு நாற்காலியில் சரிந்த அதே முகம், பதில் என்ன வருமோ என்று வெளிறிப்போயிருந்தது.

"மொதல்ல இந்தப் பொண்ணு சொல்லுச்சு, நான் ஊத்துனேன். அது செல்லாது, ஊத்துற ஆளேதான் சொல்லணும்னு இதுவே சொல்லிச்சு. இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னன்னு திட்டிட்டு, நானே சொல்லி மறுபடி ஊத்துனேன்."

"ஆமா! திட்டுனீங்க!" தையல்காரி கத்தியே விட்டாள். "ஃபாதர், திட்டுனது எனக்கு ஞாபகம் இருக்கு!"

அக்கா வந்த வேலையை அப்போதுதான் கேட்டாள். "ஃபாதர், நான் உங்க ஆளு இல்லை. எனக்கு இதுல நம்பிக்கையும் கிடையாது. அப்புறம் எப்படி? அதை மட்டும் சொல்லிடுங்க."

"ஊத்தும்போது மனசுல என்ன நினைச்சீங்க?"

"என்னத்தை நினைக்கிறது? இந்தப் பொண்ணு கேட்டது, இவங்க கோயில்ல கொடுக்கிற அதே ஞானஸ்நானம் பிள்ளைக்குச் சரியா கிடைக்கணும். அவ்வளவுதான்."

"அது போதும்மா. நீங்க ஊத்துனீங்க, கொடுத்தது கடவுள். பிள்ளை அன்னிக்கே எங்க பிள்ளையாயிடுச்சு."

அக்கா அழுகிற பழக்கம் இல்லாதவள், விசிறியைப் பார்த்து, "இதுக்கு எண்ணெய் போடுங்க ஃபாதர், காது கிழியுது" என்றாள்.

தண்ணீரைத் தவிர மீதிச் சடங்குகளைக் கோயிலில் நிறைவேற்றுவது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கோயில் நிறைந்திருந்தது. அக்கா புருஷனையும் இழுத்துக்கொண்டு வந்து தூணோரம் நின்றாள். அத்தைக்காரி பிள்ளையைப் பூப்போல ஏந்தி நின்றாள். ஃபாதர் தைலம் பூசினார், தையல்காரி தன் கையாலேயே தைத்த வெள்ளை உடுப்பைப் போர்த்தினார், மெழுகுவர்த்தியை ஏற்றித் தகப்பன் கையில் கொடுத்தார். தண்ணீர்த் தொட்டி பக்கம் அவர் போகவே இல்லை. பெஞ்சுகளில் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. என்ன, ஃபாதர் மறந்துட்டாரா?

அத்தைக்காரியால் பொறுக்க முடியவில்லை. ஃபாதர் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னாள். சொன்னது அவர் கழுத்திலிருந்த மைக்கில் விழுந்து கோயில் முழுக்கக் கேட்டது.

"ஃபாதர், சும்மா ஒரே ஒரு சொட்டு. போட்டோவுக்கு மட்டும்."

கோயிலே சிரித்தது. ஃபாதரும் சிரித்தார். பிறகு மைக்கிலேயே பதில் சொன்னார்.

"முடியாதும்மா. ஞானஸ்நானம் ஒரு தடவைதான். இந்தப் பிள்ளை சாகக் கிடந்தப்ப கொடுத்தாச்சு. மறுபடி ஊத்த எனக்கு அதிகாரம் இல்லை, ஆயர் வந்தாலும் அவருக்கும் இல்லை. கொடுத்தவங்க அதோ, தூணோரம் நிக்கிறாங்க. போட்டோ வேணும்னா அவங்களை எடுங்க."

அத்தனை தலையும் திரும்பியது. புருஷன் அவள் முதுகில் கை வைத்து, "போ, போ" என்று தள்ளினான். தள்ளிவிட்டுத் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் நடுவழியில் நடந்து போனாள். அத்தைக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆசைப்பட்டது நடக்கவில்லை, நாலு பேர் எதிரில் மானமும் போயிற்று. ஆனால் நல்ல மனுஷி. தானே நாலு எட்டு முன்னால் வந்து, பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள்.

"பிடிங்கக்கா. அன்னிக்கு நீங்க இல்லைன்னா, இன்னிக்கு நான் யாருக்கு ஞானத்தாய்?"

போட்டோக்காரன் ஓடி வந்தான். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றான். அவள் சிரிக்கவில்லை. அத்தைக்காரியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டு, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, இது நான் கொடுத்தது என்கிற முகத்தோடு கேமராவை நேராகப் பார்த்தாள்.