நாலாம் நம்பர் திரும்பிய நாள்

கல்யாணமாகி வந்த மறுநாள் மாமியார் வாசலில் நின்று, "நாலாம் நம்பர் இன்னும் வரலையா?" என்று கேட்டார். அந்த வீட்டில் பிள்ளைகளே இரண்டு பேர்தான். அப்புறம்தான் தெரிந்தது, என் கொழுந்தனார் டவுன் பஸ்ஸில் நாலாம் நம்பர் ஓட்டுகிறார், அதுவே பெயராகிவிட்டது என்று. முப்பத்திரண்டு வருஷம் அதே வழிதான். கடைசி ஸ்டாப்பில் ஒரு டீ, வண்டியைத் திருப்பு, வந்த வழியே வா.

அவருக்கு ஒரே மகள். தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டாள் என்று கல்யாணத்துக்கே போகவில்லை மனுஷன். ஆறு வருஷம் பேச்சில்லை. பிறகு அவளே இரண்டு தடவை கூப்பிட்டாள்; வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டார். மூன்றாவது தடவை எனக்குப் போன் போட்டாள்.

"பெரியம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பாவை வரச் சொல்லுங்க. இப்பவும் வரலன்னா இனிமே கூப்பிட மாட்டேன்."

கொழுந்தனார் ரிட்டயர் ஆனபின் பழைய கேம்பர் வேன் ஒன்று வாங்கி வைத்திருந்தார். கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உள்ளேயே. ஞாயிறு விடிகாலையில் அதில் கிளம்பினோம். அவர் ஓட்ட, நானும் என் வீட்டுக்காரரும் பின்னால். பிரேக் போட்டால் பாத்திரமெல்லாம் கட்டிலுக்கு வந்துவிடும். பத்து மணிக்கு ஒரு பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி டீ குடித்தோம். ஏறிப் படுத்தவள் அசந்துவிட்டேன், வீட்டுக்காரரும்தான்.

முழித்தால், இடது ஜன்னலில் அடித்த வெயில் வலது ஜன்னலில் அடிக்கிறது. ஒன்றும் ஓடவில்லை எனக்கு. திரையை விலக்கினால், காலையில் பார்த்த டயர் கடை.

"ஏங்க, இந்தக் கடையைத் தாண்டிட்டோமே?"

"டயர் கடை எங்கதான் இல்ல? பேசாம படு."

"மாடியில அதே சிவப்புப் போர்வையுமா காயும்?"

எட்டிப் பார்த்தவர் கத்தினார், "டேய், எங்கடா போற?"

வண்டி ஓரம் கட்டியது. கொழுந்தனார் ஸ்டியரிங்கையே பார்த்தார்.

"டீ குடிச்சேன்... திருப்பிட்டேன் போலிருக்கு அண்ணா."

"ஒண்ணரை மணி நேரமாவா தெரியல?"

"பயந்துட்டீங்களா தம்பி?" என்றேன்.

"கைப் பழக்கமா, பயமா, எனக்கே புரியல அண்ணி. வீட்டுக்கே போயிடலாம். இனி எந்த மூஞ்சியோட போறது?"

வாய் இப்படிச் சொல்ல, கை வண்டியை மகள் ஊர்ப் பக்கம் திருப்பியது.

போய்ச் சேர ஐந்து மணி. மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாதி வழியில திரும்பிட்டேன்மா. ஏன்னு கேக்காத, தெரியல."

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன பெரியம்மா சொல்றார் இவர்?"

"எனக்கென்னடி தெரியும், நான் தூங்கிட்டேன்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, "கை கழுவிட்டு உக்காருங்கப்பா. எல்லாம் ஆறிப்போச்சு, அப்படியேதான் சாப்பிடணும்" என்றாள்.

இப்போது கொழுந்தனார் மகள் வீட்டு மாடி அறையிலேயே குடியிருக்கிறார்.