நாலு ஓட்டைக்கும் தார்

ஐப்பசி பிறந்தால் ஊரே வானத்தைப் பார்த்து மகிழும். செம்மலை மட்டும் கார்க் கூரையைப் பார்த்துக் கவலைப்படுவான். காரைக்குடி கண்ணம்மை ஆச்சி வீட்டில் அவன் கார் டிரைவர். மலேயாவிலிருந்து கப்பலில் வந்த அந்தக் காரின் கூரையில், காற்றுக்காகத் தள்ளித் திறக்கிற மூடி ஒன்று உண்டு. எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, மழை பெய்தால் அது வழியே உள்ளே சொட்டும்.

அவன் பெண்டாட்டி பிள்ளையோடு குடியிருந்ததும் ஆச்சி வீட்டுப் பின்கட்டில்தான். வேலை போனால் அந்த அறையும் போகும். ஆச்சி ஏசமாட்டார். "என்ன செம்மலை?" என்பார், அவ்வளவுதான். அதற்கே ஐந்து வருஷமாக அவன் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வான்.

1967இல் ஆச்சி மகனுக்குக் கல்யாணம் முடிவானது. திருப்பத்தூர்ப் பக்கம் பெண்வீட்டுக்குக் கூறைப் புடவை கொண்டுபோக வேண்டும்.

"மேல ஒழுகாதுல்ல?"

"ஒழுகாது ஆச்சி."

சொல்லிவிட்டுத்தான் மூடியைத் தள்ளிப் பார்த்தான். சுற்றிலும் வாய்க்கால் மாதிரி தகரப் பள்ளம், நாலு மூலையிலும் பயறு நுழைகிற ஓட்டை. திருடன் அகப்பட்டான் என்று, ரோடு போடுகிறவர்களிடம் தார் வாங்கிக் தகர டப்பாவில் உருக்கி நாலையும் அடைத்தான். அன்றைக்கு நன்றாகத் தூங்கினான், பாவம்.

குன்றக்குடி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டுக்கூட விழவில்லை. செம்மலைக்கு மூச்சு வந்தது. அப்போது குறுக்கே ஓர் எருமை வர, பிரேக்கை மிதித்தான். பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் பாதி அவன் பிடரியில் கொட்டியது. பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை அழுத்த, மீதி பின்னால் போய் ஆச்சி மடியிலிருந்த புடவையில் விழுந்தது.

வண்டியை ஓரங்கட்டினான். திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

"நாந்தான் ஆச்சி அந்த ஓட்டைய அடைச்சேன். தெரியாம ஒழுகாதுன்னு சொல்லிட்டேன்."

பதிலுக்கு நிற்காமல் கம்பியோடு இறங்கி மழையிலேயே தாரைக் குத்தினான். தாருக்குக் கீழே வருஷக்கணக்கான புழுதியும் வேப்பஞ்சருகும் வந்தன. கடைசியில் சக்கரத்துப் பக்கம் தண்ணீர் பீச்சியடித்தது. தண்ணீர் வெளியே போகிற வழியைத்தான் அடைத்திருக்கிறான், மடையன்! பின்னாளில் ஐப்பசிக்கு முன்பே சைக்கிள் கம்பியால் நாலையும் குத்தி, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, கீழே ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பான். அன்றைக்கு அந்த அறிவெல்லாம் எங்கே?

கதவைத் திறந்தான். ஆச்சி, நனைந்த மடிப்பு உள்ளே போகிற மாதிரி புடவையைத் திருப்பி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு நிற்கவில்லை; பிரித்துப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"ஆச்சி, என்னைய வேலைய விட்டு..."

"எம் மகனுக்கு ரெண்டு எடம் தட்டிப்போயி இது மூணாவது, செம்மலை. கூறை நனைஞ்சுச்சுன்னா அவுக சகுனம் பாப்பாக. அங்க வாயத் தொறந்துராத. சொல்லமாட்டேன்னு சொல்லுப்பா."

ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். "சொல்லமாட்டேன் ஆச்சி, கையக் கீழ போடுங்க," என்று அவன்தான் கெஞ்சினான்.