ஒடிந்த முருங்கைக்காய்

போன வருடம், ஹோலிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் பால்கனியில் வெயில் காய்ந்தபடி ஒரு தமிழ் வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் என் தோழியின் சிறுகதை வந்திருந்தது. கரோல் பாகில் இருப்பவள், நல்ல படிப்பாளி. நாங்கள் சில பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை நடத்தும் வாசகர் வட்டத்தில்தான் பழக்கம். நம்மவள் எழுதியது என்று பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். ஒரு பக்கம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. கதையில் வரும் பெண் நான்தான்.

என்ன விஷயம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் என் கணவரும் மத்திய அரசு ஊழியர்கள். ஒரே மகள் படிக்க பெங்களூர் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சுடுசொல் கிடையாது. சொல்லே கிடையாது என்பதுதான் கஷ்டம். நான் எதைச் சொன்னாலும் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘அச்சா’ என்பார். ஊரிலிருந்து தில்லிக்கு வந்து அவர் ஆசையாகக் கற்றுக்கொண்ட ஒரே இந்தி வார்த்தை அதுதானோ என்று தோன்றும்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, என் மார்பில் ஒரு கட்டி இருப்பதாக டாக்டர் சந்தேகப்பட்டு டெஸ்ட் எடுக்கச் சொன்னபோதும் அவர் சொன்னது ‘அச்சா’தான். தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். முடிவு வரும்வரை தூக்கமில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்த சனிக்கிழமை காலை, அவரிடம் ஓடிவந்து, “ஒண்ணுமில்லையாம்ங்க” என்றேன்.

“எது?” என்றார்.

அன்று மத்தியானம் காய்கறி வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். நம்மூர்க் கடையில் நல்ல முருங்கைக்காயாகக் கிடைத்தது, வாங்கினேன். வழக்கமாக பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்புகிறவள் அன்று மெட்ரோ படிக்கட்டில் இறங்கினேன். பையை ஸ்கேனர் மெஷினில் போட்டபோது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காய் எதிலோ மாட்டி படக்கென்று ஒடிந்தது. அந்தப் பையோடு புதுதில்லி ரயில் நிலையத்துக்குப் போய், சென்னை ரயில் நிற்கும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். ஊருக்குப் போய்விடுவது, திரும்புவதில்லை என்று நிஜமாகவே நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவரிடமிருந்து ஒரு போன் வரட்டும், எழுந்துவிடலாம் என்றும் நினைத்தேன். வரவில்லை. ரயில் கிளம்பிப் போயிற்று. நான் வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன். தட்டில் கோணல்மாணலாகக் கிடந்த துண்டுகளைப் பார்த்து, “என்ன, இப்படி ஒடிச்சுக் குடுத்திருக்கான்?” என்று மட்டும் கேட்டார். பஸ் கூட்டத்தில் ஒடிந்துவிட்டது என்றேன்.

இதை நான் உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். மலை மந்திர் முருகன் கோயில் படியில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கக் கேட்டவள் இந்தத் தோழிதான்.

அத்தனையும் கதையில் இருந்தது. டெஸ்ட், ‘எது?’ என்ற கேள்வி, ஸ்கேனரில் ஒடிந்த முருங்கைக்காய்கூட. பெயர்கள் மட்டும் வேறு. இன்னொன்றும் வேறு. கதையில் அந்தப் பெண் ரயிலேறிப் போய்விடுகிறாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, திகில். எங்கள் வீட்டில் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர் அவர். உடனே அதைக் கொண்டுபோய், எடைக்குப் போட வைத்திருந்த ரத்தி பேப்பர் கட்டுக்குள் செருகினேன். பழைய பேப்பர்காரன் வருவதற்குள் அவரே அதை உருவி எடுத்துவிட்டார். “நான் படிக்கறதுக்குள்ள ரத்தியில போட்டுட்டியே” என்று சொல்லி மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு தோசை கூடவே சாப்பிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்த வாரம் வாசகர் வட்டம் எங்கள் வீட்டில். அந்த மாதத் தலைப்பு ‘இலக்கியத்தில் துரோகம்’. தலைப்பு கொடுத்தவளே என் தோழிதான். நேரில் பார்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அவளுடைய புதுக்கதையைப் படித்திருந்தார்கள். பேச்சு உடனே அங்கே போய்விட்டது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் புருஷனை விட்டுப் போனது பச்சைத் துரோகம் என்றார். பக்கத்து பிளாக் டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பக்கத்துல உக்காந்துக்கிட்டே பொண்டாட்டியைப் பாக்காம இருக்கறது மட்டும் துரோகம் இல்லையா சார்?”

என் நடுக்கூடத்தில், என் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, நான் செய்த சுண்டலைச் சாப்பிட்டபடி என் வாழ்க்கையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தோழி எதுவுமே நடக்காதது மாதிரி குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். “நீங்க என்ன சொல்றீங்க மேடம்?” என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். “சுண்டல்ல உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். போகிற வழியில்தான் கவனித்தேன். உள் அறைக் கதவு திறந்திருந்தது. என் கணவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்.

எல்லோரும் போன பிறகு மாடிப்படியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“உன்னை நம்பித்தானே சொன்னேன்?”

“உன் பேரு எங்கேயாவது வருதா? யாருக்குடி தெரியப்போகுது? நீ சொன்ன நாள்லேருந்து எனக்கு மனசே ஆறலை. எழுதினப்புறம்தான் தூங்கினேன்.”

அவளுக்கு ஆறிவிட்டதாம்! அடுத்து, நானே எதிர்பார்க்காமல் என் வாயில் வந்த கேள்வி வேறு.

“அவளை ஏன் ரயில் ஏத்திவிட்டே?”

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். “திரும்பி வந்துட்டா அதுல கதை எங்கேடி இருக்கு?”

ரகசியத்தை வெளியே கொட்டியதைவிட அதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. நான் திரும்பி வந்தது அவ்வளவு அற்பமான காரியமா? அல்லது, நான் செய்யத் துணியாததை எனக்காக அவள் செய்து பார்த்தாளா? பாதி நாள் அவள் துரோகி. மீதி நாள், என் மனசை என்னைவிட நன்றாகப் படித்தவள். குழப்பத்தில் அவள் போனை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது, “நானும் வரேன்” என்றார் என் கணவர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் காய்கறி வாங்க என்னோடு வந்தவரில்லை. ஐ.என்.ஏ.யில் முருங்கைக்காயை அவரே பொறுக்கினார். அதில் முற்றலும் இருந்தது, அப்படியே பையில் போட்டுக்கொண்டேன். பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினேன். “மெட்ரோல போலாம்” என்றார். அவர் பின்னாலேயே படிக்கட்டில் இறங்கினேன்.

ஸ்கேனர் அருகே வந்ததும் பையிலிருந்து முருங்கைக்காயை மட்டும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு பையை உள்ளே தள்ளினார். அதையும் போடச் சொல்லி காவலர் அதட்டினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. இவர் அசையவில்லை.

“டூட் ஜாயேகா பையா” என்றார். ஒடிந்துவிடும் என்றார். காவலரிடம்தான் சொன்னார், என் பக்கம் திரும்பவேயில்லை. காவலர் சிரித்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

ரயிலில் நல்ல கூட்டம். முருங்கைக்காயை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹவுஸ் காஸ் ஸ்டேஷனில் வண்டி மாற நடக்கும்போது, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்த டெஸ்ட்டு… மறுபடி எப்போ எடுக்கணும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை கூட்டத்தில், ஒரு தூணோரம் நின்று அழுதேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.

அந்தக் கதையைப் பற்றி இன்றுவரை எங்களுக்குள் ஒரு வார்த்தை வந்ததில்லை. மறு பரிசோதனைக்கு அவர் கூட வந்தார். தோழியின் போன் இப்போதும் அவ்வப்போது வருகிறது. எடுத்தால் சண்டை போடுவேனா, நன்றி சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால் அடித்து ஓயும்வரை அவள் பெயரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.