எழுத்தின் மேல் ஓடிய தையல்

1978-ஆம் வருஷம், ஐப்பசி மழை. அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் தோல்களைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு தோலைத் தடவிப் பார்த்தே அது வெள்ளாடா செம்மறியா, எங்கே உண்ணி கடித்தது, எங்கே கத்தி பட்டது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் தலைக்கேறியிருந்த காலம்.

அந்த வருஷ ஆரம்பத்தில்தான் எங்கள் மூன்று வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நான் ஆலயத்துக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டேன். என் மனைவி நேர்மாறு. காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். அந்த அரைமணி நேரம்தான் அவளை நடமாட வைத்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியூர்ப் போதகர் ஒருவர் படங்களோடு வந்து பேசப் போகிறார் என்று கெஞ்சி என்னைக் கூட்டிப் போனாள். சவக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த தோல் சுருள்களைப் பற்றிய பேச்சு. ஒரு தீர்க்கதரிசியின் நூல் முழுவதும் ஒரு சுருளில் இருக்கிறது, இரண்டாயிரம் வருஷப் பழசு, இன்று நாம் வாசிப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்றார். சபை மெய்மறந்து கேட்டது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. எழுந்து நின்றுவிட்டேன்.

"ஐயா, நான் தோல்காரன். மூணு நாள் மழை ஈரம் பட்டா தோல் நாறிப் போய்டும். ரெண்டாயிரம் வருஷம்னு யார் காதுல பூ சுத்துறீங்க?"

சபையில் பாதிப் பேர் என்னைப் போலத் தோல் தொழிற்சாலைக்காரர்கள். சிலர் தலையாட்டவும் செய்தார்கள். போதகர் கோபப்படவில்லை. சுருளின் ஒரு பகுதியை அசல் அளவில் எடுத்த படத்தை என் கையில் கொடுத்து, நீங்களே நிதானமாகப் பாருங்கள், புதன்கிழமை ஊருக்குக் கிளம்புமுன் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார்.

ஜெயித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை என் மனைவி வேதாகமத்தைத் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. மூட்டாத அடுப்பின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். 

அந்தச் செவ்வாய்க்கிழமை படத்தை வேலைக்கு எடுத்துப் போனேன். எனக்கு எதிர் மேஜையில் தரம் பிரிப்பவர் ஒரு முஸ்லிம் நண்பர், பாய் என்றே கூப்பிடுவோம். கண் என்றால் அவருக்குத்தான் கண். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். எபிரெய எழுத்து எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தோல் தெரியும்.

"தோஸ்த், தோலைக் கெடுக்கிறது இன்னா? ஈரம்தானே? அங்க பாலைவனம், மழையே கம்மி. நம்ம ஊர் மழையை வச்சு அந்த ஊருக்குத் தீர்ப்பு சொல்லிட்டு வந்திருக்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காய்ந்த தோல் கெடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம்.

பிறகு அவர் விரல் படத்தில் ஓரிடத்தில் நின்றது. சுருள் அங்கே நீளமாகக் கிழிந்திருந்தது. யாரோ அதைத் தைத்திருந்தார்கள்.

"எழுத்து மேலயே தையல் ஓடுது பாரு. எழுதி முடிச்ச அப்புறம்தான் கிழிஞ்சிருக்கு. இங்கெல்லாம் கறுத்திருக்கே, அது கை பட்ட அழுக்கு. ஜாஸ்தி நாள் புடிச்சுப் படிச்சிருக்காங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இயேசு பிறப்பதற்கும் முந்தி எழுதிய தோல். யாரோ ஒருவர் அதை மடியில் போட்டு, ஊசியில் நூல் கோர்த்திருக்கிறார். சுற்றிலும் மெஷின் சத்தம். பாய் படத்தை இரண்டு கைகளாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம், நான் சொன்னது தப்பு என்று முதலில் சொன்னேன். பிறகு தையலைக் காட்டி, பாய் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அந்தத் தையல் வழியாக விரலை மெல்ல ஓட்டினாள்.

"கிழிஞ்சிடுச்சுன்னு தூக்கிப் போடலியே" என்றாள். மகள் போன பிறகு என் எதிரில் அவள் வாய்விட்டு அழுதது அன்றுதான். நானும் அழுதேன்.

மறுநாள் காலை அவள் வேதாகமத்தைத் திறந்தபோது நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு போதகரிடம் போய்ப் படத்தைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர், அது வெள்ளாட்டுத் தோலா செம்மறித் தோலா என்று மட்டும் ஆசையாகக் கேட்டார். படத்தைத் தடவிச் சொல்லத் தெரியாது ஐயா என்றேன். அடுத்த ஞாயிறு, வாய்த்துடுக்காகப் பேசிய அதே சபையில் எழுந்து என் தப்பையும் சொன்னேன்.

கடவுள் இருக்கிறார் என்பதற்கு அந்தத் தோல் சாட்சி என்று நான் சொல்ல மாட்டேன், அது தரம் பிரிக்கிறவன் சொல்லக்கூடிய விஷயமில்லை. ஆனால் விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும், கிழிந்ததைத் தைத்துவிட்டு மறுபடியும் வாசிக்க உட்கார்ந்த, பேர் தெரியாத அந்த மனிதர்தான் என் கண்முன் வருகிறார்.