முழங்காலை மடக்கி ஒரு ஊசி

புருல்சுனின் கைக்கு நரின் என்ற மலையூரில் ஒரு பெயர் இருந்தது. அவள் ஊசி போட்டால் போட்டதே தெரியாது, பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் "எப்பப் போடப் போறீங்க?" என்று கேட்பார்கள். ஐம்பத்தொரு வயது. ஊரின் சின்னச் செவிலியர் கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக அந்த வித்தையைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் பருவத்தில் மாணவிகள் உருளைக்கிழங்கில் குத்திப் பழகுவார்கள். இரண்டாம் பருவத்தில் ரப்பர் இடுப்பு. அந்த இடுப்புக்கு வயதாகிவிட்டது. சைக்கிள் டியூபால் ஏழெட்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். ஊசி இறங்கினால் பெருமூச்சு விடும். மூன்றாம் பருவத்தில் ஆஸ்பத்திரி, நிஜ மனிதர், நிஜ இடுப்பு. சிக்கல் அங்கேதான். உருளைக்கிழங்குக்கு அஞ்சாத வீராங்கனைகள் நிஜ இடுப்பைக் கண்டதும் வேரறுந்த மரம்போலச் சாய்ந்தார்கள். போன வருஷம் இருபத்துநாலு பேரில் ஒன்பது பேர். ஒருத்தி நோயாளியின் மேலேயே விழுந்தாள். அவர் ஓய்வுபெற்ற குதிரை வைத்தியர். "பரவாயில்லம்மா, என் மேல குதிரையே விழுந்திருக்கு" என்று அவளைத் தேற்றினாராம்.

மயக்கத்துக்குப் புருல்சுனிடம் ஒரு கைமருந்து உண்டு. குருத். காய்ந்து கல்லாகிப்போன தயிர் உருண்டை. அதை வாயில் அடக்கிக்கொண்டால் உப்பும் புளிப்பும் மயக்கத்தை அண்டவிடாது என்பது அவள் கட்சி. குருத்தோடு விழுந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் சரியாக அடக்கவில்லை என்று சொல்லிவிடுவாள்.

அந்த இலையுதிர்காலத்தில் கல்லூரித் தலைவி காலிபா ஆசிரியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இனிமேல் ஒவ்வொரு பிரிவும் தான் கற்பிக்கும் விதத்தைப் பற்றி ஓர் இலக்கிய மீளாய்வு எழுதித் தரவேண்டும். எழுதாவிட்டால் பதவி உயர்வு இல்லை என்று மேலிடத்து உத்தரவு.

மருந்தியல் ஆசிரியன் ஒமுர்சாக் கையைத் தூக்கினான். "இலக்கியம்னா கவிதையும் சேருமா?"

"சேராது. உன் கேள்விக்கு இதுவரைக்கும் உலகத்துல யார் யார் என்னென்ன ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்கன்னு தேடிப் படிச்சுச் சொல்லணும். சொல்லித்தரத் தலைநகர்லேருந்து ஒரு பொண்ணு வருது. மூணு நாளு. யாரும் லீவு கேக்காதீங்க."

வந்தவள் பெயர் நுர்சாதா. மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, ஓயாத பொறுமை. முதல் நாள் எல்லோரையும் ஆளுக்கொரு கேள்வி எழுதச் சொன்னாள். புருல்சுன் யோசிக்கவே இல்லை. "ஊசி போடும் மாணவிகள் மயங்காமலிருக்கக் குருத்தே சிறந்தது என்று நிரூபித்தல்" என்று எழுதிக்கொடுத்தாள்.

நுர்சாதா படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "எஜே, இது கேள்வி இல்ல, தீர்ப்பு." அங்கே வயதில் மூத்த பெண்ணை எஜே என்றுதான் கூப்பிடுவார்கள், திட்டுவதாக இருந்தாலும் அப்படித்தான்.

"பதில் தெரிஞ்சிருக்கு. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"தெரிஞ்சிருந்தா போன வருஷம் ஒம்பது பேரு ஏன் விழுந்தாங்க?"

புருல்சுனுக்கு முகம் சிவந்தது. காகிதத்தைத் திருப்பிப் போட்டு, "ஊசி போடப் பழகும் மாணவிகளின் பயத்தையும் மயக்கத்தையும் எது குறைக்கிறது?" என்று எழுதினாள். பேனா அழுந்தி மேஜையிலும் அந்தக் கேள்வி பதிந்தது.

மிச்ச இரண்டு நாளில் விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள் நுர்சாதா. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினோம், எந்த வலைத்தளத்தில் தேடினோம், என்றைக்குத் தேடினோம் என்று எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். கிடைத்த கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டும். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக் கூடாது. தள்ளும் கட்டுரைக்குக் காரணம் எழுத வேண்டும். இரண்டு பேருக்கும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

புருல்சுனுக்கு ஜோடியாக வாய்த்தவன் ஒமுர்சாக். ஆசிரியர் அறையின் ஒரே ஜன்னலை அவன் ஒன்பது வருஷமாகத் திறந்துகொண்டிருந்தான். அவள் ஒன்பது வருஷமாகச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"முகத்தப் பாத்தாலே முடிவு கசிஞ்சிரும் எஜே" என்று அவன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மறைப்புத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு மேஜைக்கும் நடுவில் நிறுத்தினான்.

"நல்லதாப் போச்சு. உன் மூஞ்சியப் பாக்காம இருக்க இப்பவாவது ஒரு காரணம் கெடச்சுதே."

தேடுவதற்குச் சொல் வேண்டுமே. ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தன. புருல்சுனுக்கு ஆங்கிலம் தகராறு; ரஷ்யம் தண்ணீர் பட்ட பாடு. ஊசி போடுவதற்கு ரஷ்யத்தில் உகோல் என்பார்கள். 'உகோல் கற்பித்தல்' என்று தட்டினாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வந்து கொட்டியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாள்சண்டை விளையாட்டில் எதிராளியின் மேல் வாள்முனை பட்டாலும் ரஷ்யத்தில் அதற்கு உகோல் என்றுதான் பெயர். புருல்சுனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. நரினில் குதிரைமேல் உட்கார்ந்து ஆட்டு உடலுக்கு அடித்துக்கொள்பவர்கள் உண்டு. கம்பி வாளோடு துள்ளுபவர்கள் கிடையாது.

அவள் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்துக்கொண்டு போனாள். முதல் சுற்றுக்கு அதுவே போதும் என்று நுர்சாதாவும் சொல்லியிருந்தாள். 'அசையும் கூட்டாளிமீது உகோல்: தொடக்க நிலைப் பயிற்சி' என்று ஒன்று வந்தது. புருல்சுன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குழந்தைகள் வார்டு. ஓடுகிற பிள்ளைக்கு ஊசி போடக்கூடக் கற்றுக்கொடுக்கிறார்கள். நாம் இன்னும் உருளைக்கிழங்கை விட்டு எழுந்திருக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'உகோலுக்கு முன் தொடக்கநிலையாளரின் பதற்றம்' என்று இன்னொன்று. அடுத்ததன் சுருக்கத்தில், முன்முழங்காலை மடக்கி, தொடையை இறுக்கி நின்றால் பதற்றம் தணிகிறது என்று எழுதியிருந்தது. இப்படிப் பதினொன்றைப் பொறுக்கி 'வேண்டும்' பக்கம் சேர்த்தாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒமுர்சாக் குலுங்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல எஜே. சொன்னா கசிஞ்சிரும்."

எல்லாவற்றையும் படித்து முடிக்கும்வரை காத்திருக்கப் புருல்சுனால் முடியவில்லை. மறுநாளே வகுப்பில் இருபத்துநாலு பேரையும் வரிசையாக நிறுத்தி, வலது முழங்காலை மடக்கச் சொன்னாள். இடது கால் பின்னால், தொடை இறுக்கமாக, சிரிஞ்சு முன்னால். "ரெண்டு அடி முன்னாடி வா. குத்து. ரெண்டு அடி பின்னாடி போ." ரப்பர் இடுப்பு இருபத்துநாலு முறை பெருமூச்சு விட்டது. கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்த காலிபா, நடன ஆசிரியையை யார் நியமித்தது என்று அலுவலகத்தில் போய் விசாரித்தார்.

அந்தக் கோலத்திலேயே மாணவிகள் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். கட்டில் அருகே இருபத்துநாலு பேர் பதுங்கும் பூனைபோல முழங்காலை மடக்கினார்கள். நோயாளிகள் நடுங்கினார்கள். ஆனால் ஒருத்தி கூட விழவில்லை. புருல்சுன் அன்று மாலை வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தாள். வேன் ஓட்டும் கணவன் திலெக்கிடம், "உலகமே இப்படித்தான் போடுதாம், நாமதான் கெணத்துத் தவளையா இருந்திருக்கோம்" என்றாள். "அப்ப எனக்குப் போடும்போது மட்டும் நீ பழையபடியே போடு, பைபிசே" என்றான் அவன், வீட்டுக்காரியைக் கூப்பிடும் மரியாதையோடு.

இரண்டு பட்டியலையும் ஒப்பிடும் நாள் வந்தது. திரையை ஓரம் தள்ளினார்கள். புருல்சுன் 'வேண்டும்' என்ற அந்தப் பதினொன்றையும் ஒமுர்சாக் தள்ளியிருந்தான். காரணம் என்ற கட்டத்தில் பதினொரு தடவை ஒரே சொல்: வாள்.

"இதென்ன காரணம்? கையெழுத்துக் கோளாறா?"

"வாள்தான் எஜே. கத்தி மாதிரி, நீளமா."

"பொறாமை உனக்கு. நல்ல கட்டுரையெல்லாம் என் கண்ணுல பட்டுடுச்சு."

ஒத்துவரவில்லை. ஆகவே மூன்றாவது ஆள். காலிபா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினொன்றில் ஒன்றை முழுதாக அச்செடுத்து வாங்கி, உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"பயிற்சிக்கு முன் முகக்கவசம் அணிக."

"பாத்தீங்களா" என்றாள் புருல்சுன்.

"கையுறை அணிக."

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் அதானே வழக்கம்."

"கூட்டாளிக்கு வணக்கம் செலுத்துக."

"நோயாளிக்கு மரியாத குடுக்கணும்ல. நம்ம பொண்ணுங்க எங்க குடுக்குதுங்க?"

காலிபா ஒரு கணம் நிறுத்தி ஒமுர்சாக்கைப் பார்த்தார். அவன் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்; தோள் மட்டும் ஆடியது. அவர் தொடர்ந்தார். "உகோல் பட்டதும் விரைந்து பின்னால் துள்ளுக."

"கொழந்தைங்க வார்டுல அப்படித்தான் துள்ளணும் எஜே. இல்லாட்டி ஒதைக்கும்."

"முதலில் ஐந்து முறை குத்தியவரே வெற்றி பெற்றவர்."

புருல்சுன் விரலை மடக்கி எண்ணினாள். "அஞ்சு தடவையா?" என்றாள், சின்னக் குரலில்.

"ஒரே ஆளுக்கு" என்றார் காலிபா.

அதற்குமேல் ஒமுர்சாக்கால் தாங்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜைக்குக் கீழே போய்விட்டான். காலிபா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். புருல்சுன் மட்டும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். இரண்டு நாள் ஆசிரியர் அறைப் பக்கமே வரவில்லை. உருளைக்கிழங்கு மூட்டை இருக்கும் அறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். மாணவிகள் முழங்காலை மடக்கி நிற்பதைக் காணும்போதெல்லாம் உடம்பு கூசியது. ஆனால் நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை. விழாமல் நின்றார்களே, அது பொய்யில்லையே.

மூன்றாம் நாள் ஒமுர்சாக் அந்த அறைக்கே வந்தான். கையில் ஒரு தட்டு சூடான மந்தி, கறி வைத்து ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை.

"எஜே, சாப்பிடுங்க. கறி நான் கொத்துனது. வெங்காயம் என் பொண்டாட்டி."

"உனக்கு முதல் நாளே தெரியும். சொல்லியிருக்கலாம்ல?"

"விதி எஜே. தனித்தனியாப் பாக்கணும்."

"இருபத்துநாலு பொண்ணுங்க ஆஸ்பத்திரில வாள்சண்டை போட்டாளுங்க. அப்பவும் விதியா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அவளுங்க விழலியே. அது ஏன்னு எனக்கும் புரியல. பொண்ணுங்க நின்னாங்கங்கறதுக்காகக் கட்டுரையச் சேக்க முடியாது. ஆனா ஏன் நின்னாங்கன்னு தேடலாம்ல?"

புருல்சுன் மந்தியை மென்றுகொண்டே யோசித்தாள். பிறகு எழுந்து போய்த் தேடும் சொற்களை மாற்றினாள். 'மயக்கம்', 'ரத்தத்தைக் கண்ட பயம்', 'செவிலிய மாணவர்'. ஆங்கிலத்துக்கு ஒமுர்சாக்கின் அகராதியைப் பிடுங்கிக்கொண்டாள். பழைய பதினொன்றையும் அழிக்காமல் தள்ளியவற்றின் பட்டியலில் வைத்தாள். காரணம்: வாள். கையெழுத்து மட்டும் இம்முறை அவளுடையது.

பிப்ரவரி கடைசியில், எல்லாம் கழித்து, ஆறு கட்டுரைகள் மிஞ்சின. நான்கு கட்டுரைகள் பக்கம் பக்கமாக நடந்து கடைசியில் "மேலும் ஆய்வு தேவை" என்று முடித்திருந்தன. "இதுக்கு நானே போதுமே" என்று முணுமுணுத்தாள். ஐந்தாவது, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் பயம் குறைகிறது என்றது. ஆறாவதைப் படித்தவள் சத்தமே போடாமல் ஒமுர்சாக்கின் மேஜைக்கு எடுத்துக்கொண்டு போய் அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். கால் தசைகளை இறுக்கினால் ரத்தம் கீழே தேங்காது, அழுத்தம் சரியாது, மயக்கம் வராது என்று அதில் இருந்தது.

"முழங்கால்" என்றான் அவன்.

"தொடை" என்று திருத்தினாள் அவள்.

குருத்தைப் பற்றி உலகத்தில் ஒருவரும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. அதையும் நேர்மையாகக் குறித்தாள். எழுதும்போது வாயில் ஒன்று இருந்தது.

மே மாதம் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவ ஆசிரியர்களின் மாநாடு. இரண்டு பேரும் போனார்கள். புருல்சுன் மேடையேறி எண்களை வாசித்தாள். முன்வரிசையில் இருந்த வெள்ளைத்தாடிப் பேராசிரியர் ஒருவர், "உங்க பட்டியல்ல பதினோரு கட்டுரைக்கு 'வாள்'னு காரணம் போட்டிருக்கே, அது என்னம்மா?" என்று கேட்டார்.

பூசி மெழுகியிருக்கலாம். மெழுகவில்லை. முகக்கவசத்திலிருந்து ஐந்து குத்துவரை ஒன்று விடாமல் சொன்னாள். அரங்கம் நாற்காலியோடு ஆடியது. நுர்சாதா பின்வரிசையில் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புருல்சுன் காது சிவக்க நின்றாள். இனி தலைநகர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று உள்ளுக்குள் சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அதே வெள்ளைத்தாடிக்காரர் எழுந்தார். பல் மருத்துவ ஆசிரியர். "நான் பல்லுல கட்டுற பாலத்தப் பத்தித் தேடுனேன். ஒரு கட்டுரையில பாலத்து மேல நாப்பது டன் லாரி போகலாம்னு போட்டிருந்துச்சு. பல்லுக்குக் கொஞ்சம் அதிகமோன்னு தோணுச்சு. இருந்தாலும் சேத்துட்டேன். அச்சாயிருச்சு." உட்கார்ந்துவிட்டார்.

பிறகு இன்னொருவர் எழுந்தார், அப்புறம் இன்னொருவர். தேநீர் ஆறிப்போகும்வரை எழுந்துகொண்டே இருந்தார்கள்.

ஊர் திரும்பும்போது வேனில் புருல்சுனுக்குப் பக்கத்தில், வழியில் கொச்கோரில் ஏறிய ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். தலைநகரில் என்ன வேலை என்று விசாரித்தாள்.

"படிச்சதச் சொல்லப் போனேன்."

"எவ்வளவு படிச்ச?"

"எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குப் பக்கம்."

"எல்லாம் நல்லா இருந்துச்சா?"

"ஆறு."

கிழவி கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தாள். "எங்க ஊர்ல உருளைக்கெழங்கு மூட்டைய இப்படிப் பொறுக்குனா ஊரே பட்டினிதான்" என்று சொல்லிவிட்டு, மடியிலிருந்த துணியை அவிழ்த்து, பொரித்த போர்சோக் ரொட்டியில் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். தோலோன் கணவாயில் இன்னும் பனி இருந்தது. முன் இருக்கையில் ஒமுர்சாக் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டான். வேன் முழுக்க வேண்டாம் என்றது.