முதலில் ஓடுகிறவன்

ஹாக்கியில் பெனால்டி கார்னர் என்று ஒன்று உண்டு. எதிரணிக்கு அது கிடைத்துவிட்டால், கோல்கீப்பரோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஓரத்திலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளுவான். கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்தின் விளிம்பில் ஒருவன் அதை நிறுத்துவான். இன்னொருவன் அதை மட்டையால் இழுத்துக் கோலைப் பார்த்து வீசுவான். அப்படி வீசுகிறவனை நோக்கி, பந்து வருகிற வழியிலேயே எங்களில் ஒருவன் முதலில் ஓட வேண்டும். மட்டையில் தடுத்தால் நல்லது. இல்லாவிட்டால் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முகத்துக்கு மட்டும் ஒரு முகமூடி தருவார்கள். அந்த ஓட்டம்தான் என் வேலை. மூளை உள்ளவன் செய்கிற வேலையா இது என்று விளையாட்டு விடுதியில் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஓடச் சொன்னால் எனக்கு முன்னால் இன்னொருவன் ஓடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அப்பா என் ஆட்டத்தை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை, மதுரையில். எங்களுக்குச் சின்னமனூர் பக்கம் திராட்சைத் தோட்டம். கொடிகளை வெட்டிவிடுகிற கவாத்து, மருந்தடிப்பு, பழம் இறக்குவது என்று ஒன்று மாற்றி ஒன்று இருந்துகொண்டே இருக்கும். பந்தலை விட்டு அவர் வெளியூர் கிளம்புவதே அபூர்வம். அன்றைக்கு வந்தவர், ஆட்டம் முடிந்து பஸ்ஸில் ஏறி ஆண்டிபட்டி தாண்டியதும் கேட்டார். 

"ஏலே, எல்லாரும் பந்து வந்தா ஒதுங்குறாக. நீ என்னடான்னா பந்து வர்ற பக்கமே ஓடுற. கிறுக்கா ஒனக்கு?"

"அதுதாம்ப்பா என் வேலை. முகமூடி போட்டுக்கிட்டு முதல்ல ஓடுறவன் நாந்தான். வேற யாரும் ஓட மாட்டாக. நீங்க டிவியில பாத்தாலும் அத வச்சே என்னைய கண்டுபிடிச்சிரலாம்."

அவர் தலையாட்டினார். ஹாக்கியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதை அவர் மறக்கவே இல்லை.

தேசிய அணியோடு வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறேன் என்று போன் செய்தபோது அவருக்கு மூச்சிரைப்பு முற்றியிருந்தது. வருஷக்கணக்காக அடித்த பூச்சிமருந்து நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்று தேனியில் டாக்டர் சொல்லியிருந்தார். நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். அப்படிப்பட்டவர் ஊர் முக்குவரை நடந்துபோய், மாமன் மச்சான்கள் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். அம்மா சொன்னாள். எனக்கு அதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் நான் மாற்று ஆட்டக்காரனாகத்தான் போகிறேன். ஆடும் பட்டியலில் இருக்கிற யாராவது அடிபட்டு விழுந்தால்தான் எனக்கு இடம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அதை அம்மாவிடம் சொன்னேன். "எடுத்துட்டாகள்ல, அது போதும்யா" என்று அவள் முடித்துவிட்டாள். எடுத்தபின் உட்கார வைப்பார்கள் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டு இலை போடாமல் இருப்பார்களா என்ன?

இலை போடவில்லை. குளிர்கிற ஊர், நீல நிறத் தரை, சுற்றிலும் கொடிகள். நம் தேசியப் பாட்டு ஒலிக்கும்போது பதினோரு பேர் வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். நான் பார்வையாளர்களோடு பார்வையாளனாக மேலே நிற்பேன். காலையில் பயிற்சிக்குப் பந்து போட்டுக் கொடுப்பேன், தண்ணீர் பாட்டில் நிரப்புவேன், ஆட்டத்தின்போது கேமராவைப் பிடிப்பேன். நாட்டுக்காக வந்தவன் என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அடித்திருப்பேன். என் இடத்தில் முதலில் ஓடுகிற பையன் வடக்கத்திக்காரன், தங்கமானவன். ஒவ்வொரு முறை அவன் ஓடும்போதும் என் கால் தானாக அசையும். அவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றும் வேண்டினேன், எனக்கு ஒரு ஆட்டம் கிடைக்க வேண்டும் என்றும் வேண்டினேன். இரண்டும் ஒன்றாக நடக்காது என்று தெரிந்தேதான் வேண்டினேன்.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் அது நடந்தது. அவன் ஓடினான், பந்து தாழ்வாக வந்து முழங்காலில் அடித்தது. அந்தச் சத்தம் மேலே எனக்கே கேட்டது. முகமூடியோடு அப்படியே சுருண்டு விழுந்தான். தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். அன்று சாயங்காலம் பயிற்சியாளர் என் அறைக் கதவைத் தட்டி, "நாளை நீ ஆடுகிறாய்" என்றார். ஐந்தாம் இடத்துக்கான ஆட்டம். கோப்பை இல்லை, பதக்கம் இல்லை. எனக்கு அது போதும். அப்பா பார்ப்பாரே.

மறுநாள் மைதானத்துக்குக் கிளம்புமுன் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அம்மா, "கால் எப்படிய்யா இருக்கு?" என்றாள்.

"காலுக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு நான் ஆடுறேன். அப்பாவப் பாக்கச் சொல்லுங்க."

 அவள் அழுகிற குரலில், "வேணாம்யா. ஆடுனவரைக்கும் போதும்யா. சொன்னாக் கேளு" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் காத்துக் கிடந்து இன்றைக்குத்தான் வாசல் திறந்திருக்கிறது, இவள் போதும் என்கிறாளே! பஸ் கிளம்பப் போகிறது என்று எல்லோரும் கத்துகிறார்கள். "நீங்க பாருங்க, அவ்வளவுதான்" என்று போனை வைத்துவிட்டேன்.

அந்த ஆட்டத்தில் நான் நன்றாக ஓடினேன். என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. பாட்டு ஒலித்தபோது வரிசையில் நின்றேன். பாட முயன்றும் முடியவில்லை. அவர்களுக்குக் கிடைத்த கார்னர்களில் ஒன்றில் பந்து என் மட்டையில் பட்டு வெளியே போனது. ஒன்றில் நான் மிக நெருங்கிவிட்டதால் வீசுகிறவன் தடுமாறி, பந்து அவன் காலிலேயே சிக்கியது. ஒன்று என்னைத் தாண்டிப் போய்க் கோலானது. தோற்றோம். எனக்குத் தோற்ற மாதிரியே இல்லை. தேனிப் பக்கம் ஒரு வீட்டில் ஒருவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "அந்தா ஓடுறான் பாரு" என்று சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே குளித்தேன்.

நேரிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று போன் போடாமலே ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நடந்துபோனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, நடையைப் பார்த்தார். கிட்டே வரச் சொன்னார். குனிந்து என் வலது முழங்காலைத் தடவினார். பிறகு இடது முழங்காலை. இரண்டு கையாலும் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"எந்தக் காலுடா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அம்மாதான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கு முட்டியில அடிச்சு ஒன்னையத் தூக்கிக்கிட்டுப் போனாகள்ல. ஒங்கப்பா அங்கனயே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாக."

அப்போதுதான் எல்லாம் எனக்கு உறைத்தது. முதல் ஆட்டத்திலிருந்தே அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். முகமூடி போட்டவன் முதலில் ஓடுவான், அவன் என் மகன். சட்டையில் எழுதியிருந்த பெயர் இங்கிலீஷில். டிவியில் பேசியது இந்தி. முகமூடியைக் கழற்றியதும் கேமரா வேறு பக்கம் போய்விடும். மற்ற நேரத்தில் நான் எங்கே என்று அவர்கள் தேடவே இல்லை. ஓடுகிற நேரம் மட்டும் போதுமாயிருந்திருக்கிறது.

"அது நான் இல்லப்பா" என்றேன். "அது வேற பையன். நான் ஆடுனது கடைசி ஆட்டம் மட்டுந்தான்."

அப்பா வெகுநேரம் என் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. "அந்த ஆட்டத்த நான் பாக்கலையே" என்றார்.

அம்மா அழ ஆரம்பித்தாள். கால் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை. சின்ன வயதில் விரல் முறிந்ததையே ஒரு வாரம் மறைத்தவன் நான். இதையும் மறைக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். உடைந்த காலோடு இன்றைக்கும் ஆடப் போகிறானாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். "என்னால பாக்க முடியாது, டிவிய அமத்து" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அம்மா வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டாளாம். அந்த நேரத்தில்தான் நான் பாட முடியாமல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"சட்டி எடுக்க வேணாம்மா, அது என் கால் இல்ல" என்று சொன்னதற்கு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேந்தது நேந்ததுதான். அந்தப் புள்ளையப் பெத்தவளும் எங்கிட்டோ ஒருத்தி இருப்பாள்ல" என்றாள். சொன்னபடியே பிற்பாடு எடுத்தாள். அந்தப் பையன் குணமாகி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறான். என்னை அடுத்த முகாமுக்குக் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் எப்போதுமே கூப்பிடவில்லை.

அந்த ஆட்டத்தை எப்படியாவது அப்பாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று போனில் தேடித் தேடிப் பார்த்தேன். ஐந்தாம் இடத்துக்கான ஆட்டத்தை யார் வைத்திருப்பார்கள்? கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய சின்னத் துண்டு ஒன்று கிடைத்தது. அதில் நான் வருவது ஒரே ஒரு இடத்தில், என்னைத் தாண்டிப் பந்து உள்ளே போகிற இடத்தில். என் வேலையை நான் ஒழுங்காகச் செய்தால் அங்கே ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததை எவன் வெட்டி ஒட்டுவான்? முழு வீடியோவை அணிக்காரர்களிடம் கேட்டேன். பார்க்கிறோம் என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் துண்டை அப்பா திரும்பத் திரும்பப் பார்த்தார். "முதுகுதான் தெரியுது" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, வெயில் தாழ்ந்தபின், தோட்டத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பைக்கில் பின்னால் உட்காரவைத்து மெதுவாகக் கூட்டிப்போனேன். பழம் இறக்கிய பந்தல், கீழே வெறும் மண். வரிசையின் ஒரு கோடியில் பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பையில் என் மட்டையையும் முகமூடியையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார்.

"நீ அந்தக் கடைசிக்குப் போ. பந்து அடிக்கிறவனா இங்கன நான் இருக்கேன்னு வச்சுக்க. அன்னைக்கு எப்படி ஓடுனியோ அப்படி ஓடியா."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. வரிசையின் மறுகோடிக்குப் போய் முகமூடியை மாட்டினேன். அவர் கையை உயர்த்தி இறக்கினார். பந்தல் கல்லுக்கால்களுக்கு நடுவே குனிந்து, மட்டையைத் தரையோடு வைத்து, உயிரைக் கொடுத்து ஓடினேன். அவருக்கு ஒரு எட்டு முன்னால் நின்றேன். நான் ஓடி நிற்கிறேன், மூச்சு வாங்கியது அவருக்கு.

"இதத்தான் டிவியிலயே பாத்தேனே" என்றார். "அதக் கழட்டிட்டு ஓடியாடா. நீதானான்னு பாக்கணும்."

முகமூடியை அவர் மடியில் வைத்துவிட்டு, திரும்பவும் மறுகோடிக்கு நடந்தேன். அங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் கையை இறக்கியதும் ஓடினேன். பாதி தூரம் வருவதற்குள் மறுபடியும் கண் மறைத்துவிட்டது. அவர் உட்கார்ந்திருப்பது கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர் கண்ணைச் சிமிட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கவாத்துக்கு அவர் இல்லை.