ஒன்பதாம் நம்பர் இருக்கை

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் தேதி, நேரம், அறையில் இருந்தவர்கள், எல்லாமே குறிப்பேட்டில் அன்றே எழுதி வைத்தவை. நடந்தது நள்ளிரவில் அல்ல. 2009 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. சிவகாசியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த உச்சி நேரம்.

அப்போது மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். கால் சென்டர்களுக்குத் தொலைபேசி மென்பொருள் நிறுவுவது என் வேலை. சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி போனில் ஆர்டர் எடுக்கப் பன்னிரண்டு பெண்களை வைத்திருந்தது. மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். திங்கள் காலை ஒன்பதுக்கு தீபாவளி ஆர்டர்கள் திறக்கும். அதற்குள் முடித்தாக வேண்டும்.

லைசென்ஸ் என்பது ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே நுழையலாம் என்ற அனுமதி. பழையதில் பன்னிரண்டு. புதியதில் பதினொன்று மட்டுமே கேட்டிருந்தார் மேனேஜர் காசிராஜன். காரணம் கேட்டேன். "ஒன்பதாம் நம்பர் வேண்டாம். மாட்டுறது மட்டும்தான் உங்க வேலை" என்றார்.

காரணத்தை வாசலிலேயே தெரிந்துகொண்டிருந்தேன்.

10.20க்கு நான் போனபோது கேட்டுக்கு வெளியே ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் சங்கிலிமுத்து. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவர் மகள் மாடத்திதான் ஒன்பதாம் நம்பர். தெலுங்கு தெரியும் என்பதால் ஆந்திரா ஆர்டர்கள் அவளுக்கு. சீசனில் ஆள் பற்றாக்குறை வந்தால் போன் எடுக்கும் பெண்களையும் வேனில் ஏற்றி ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து யூனிட்டுக்குப் பேக்கிங் செய்ய அனுப்புவார்களாம். அங்கே வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாது. ஜூலை 18 அன்றும் அப்படித்தான் போனாள். மதியம் ஷெட் வெடித்ததில் இறந்துபோனாள். அப்படியொரு பெண் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது.

அவர் எழுந்து என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அன்னைக்குக் காலையில வரைக்கும் எம்புள்ள போன் பேசுனது அந்த மிசின்ல இருக்காம்ல. ஒரே ஒரு தாளு எடுத்துக் குடுங்க. நஷ்டஈட்டுக்கு அது போதும்னு வக்கீல் சொல்றாக."

மேனேஜரிடம் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெரிய சர்வருக்குள் நாலைந்து கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல மென்பொருளாலேயே பிரித்து வைப்போம். அந்தத் தொலைபேசிக் கம்ப்யூட்டரும் அப்படிப்பட்டதுதான். அதற்கு உடம்பு கிடையாது. ஒரு ஃபைல், அவ்வளவுதான். பதிப்பு மாற்றும்போது பழையதை ஒரு மாதமாவது வைத்திருப்பது வழக்கம். யார் எப்போது வந்தார்கள், யாரிடம் பேசினார்கள், பேச்சின் ஒலிப்பதிவு, எல்லாம் அதில் இருக்கும்.

காசிராஜன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பழசை அழிங்க."

வழக்கத்தைச் சொன்னேன். அழித்தால்தான் வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடுவேன் என்றார். "கேட்டுல ஒருத்தன் உக்காந்திருக்கான்ல. அவனுக்குச் சொந்தக்காரரா நீங்க?"

அந்தக் கையெழுத்து இல்லாமல் மதுரைக்குத் திரும்பினால் எனக்கு வேலை இருக்காது. ஏற்கெனவே ஒரு முறை எச்சரித்திருந்தார்கள்.

11.52க்கு அழித்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அறையில் நானும் பொன்மணியும். போன்களைச் சோதித்துப் பார்க்க வரவழைத்திருந்த பெண். நான்காம் நம்பர். காலையிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அழித்ததை அவளும் பார்த்தாள்.

"கை நடுங்கலையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

புதிய பதிப்பு எழுந்தது. பதினொரு பெயர்களை ஏற்றினேன். லைசென்ஸை இன்னும் போடவில்லை. அதாவது யாரும் உள்ளே நுழைய முடியாது. போன்கள் எதற்கும் இன்னும் கேபிள் செருகவில்லை.

12.04.

திரையின் மூலையில் ஒரு வரி.

அனுமதி: 0. பயன்பாட்டில்: 1.

மென்பொருள் கோளாறு என்றுதான் நினைத்தேன். மறுபடி தொடங்கினேன். மூன்று நிமிடம் ஆனது.

அனுமதி: 0. பயன்பாட்டில்: 1.

விவரத்தைத் திறந்தேன். இருக்கை 9. பெயர் மாடத்தி. நிலை: தயார்.

அந்தப் பெயரை நான் ஏற்றவே இல்லை...

நீக்கினேன். போனது. மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்தது. மறுபடி நீக்கினேன். வந்தது. இந்த முறை இரண்டு வரிகளில். இரண்டும் மாடத்தி.

"சார்..." என்றாள் பொன்மணி. அவள் திரையைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது. எல்லா மேசையிலும் காகிதங்கள் படபடத்தன.

ஒன்பதில் ஒரு காகிதம்கூட அசையவில்லை.

மணமும் வந்தது. கரிமருந்து மணம். சிவகாசியில் அது புதிதில்லை. ஆனால் இது எரிந்த பிறகு வரும் மணம்.

12.11.

ஒன்பதாம் நம்பர் போன் அடித்தது.

கேபிள் தரையில் கிடந்தது. நான் பார்த்தேன். பொன்மணியும் பார்த்தாள்.

ட்ரிங்... ட்ரிங்...

"எடுக்காதீக" என்றாள்.

நான் எடுத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

காகிதம் சுருட்டும் சத்தம். சரக்... சரக்... அவசரமில்லாமல், ஒரே சீராக.

ரிசீவர் சுட்டது. காதில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

சத்தம் நின்றது.

"நீதான் என் பேரை எடுத்ததா?"

அழுகை இல்லை. கெஞ்சல் இல்லை. வேலைக்காரனைக் கேட்பதுபோல் ஒரு பெண் குரல்.

என் வாய் தானாகப் பேசியது.

"ஆமா. மேனேஜர் சொன்னாரு. எடுத்துட்டேன்."

நாலே வார்த்தை. அதன்பின் ஒன்றுமே கேட்கவில்லை. ரிசீவரை வைத்தேன். பொன்மணி பக்கத்தில்தான் நின்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை என்று அவளும் சொன்னாள்.

திரையைப் பார்த்தேன்.

பயன்பாட்டில்: 0.

லைசென்ஸை ஏற்றினேன். பதினொன்று. எல்லாப் போன்களும் வேலை செய்தன. மூன்று மணிக்குக் காசிராஜன் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது சங்கிலிமுத்து அதே இடத்தில் இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. என் இடது காதில் கொப்புளம் எழும்பியிருந்தது.

டிசம்பரில் சம்மன் வந்தது. நஷ்டஈட்டு விசாரணை. மாடத்தி என்று யாரும் தங்கள் போனில் பேசியதே இல்லை என்று நிரூபிக்க, காசிராஜனே புதிய சிஸ்டத்திலிருந்த மொத்தப் பதிவுகளையும் சிடியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பழையதுதான் அழிந்துவிட்டதே என்ற தைரியம். அவர் எதையும் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

சிடியில் முதல் பதிவே ஒன்பதாம் இருக்கை. பெயர் மாடத்தி. ஆகஸ்ட் 9, மதியம் 12.11.

அதிகாரி ஓடவிட்டார். பெண் குரல் இல்லை. சிறிது நேரம் மௌனம். பிறகு என் குரல் மட்டும்.

"ஆமா. மேனேஜர் சொன்னாரு. எடுத்துட்டேன்."

"இது நீங்கதானா?" என்று கேட்டார் அதிகாரி.

ஆமாம் என்றேன். யார் பெயரை எடுத்தேன், எதை அழித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். பொன்மணியும் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். காசிராஜன் என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. சங்கிலிமுத்துவுக்கு நஷ்டஈடு உத்தரவானது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

விசாரணையில் யாரும் அந்த முதல் நிமிடத்தைத் தாண்டிக் கேட்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

சிடியின் நகலை வாங்கி வந்தேன். அன்று மாலை வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். அப்போதுதான் கவனித்தேன்.

அந்தப் பதிவின் நீளம் 41 நிமிடம்.

என் நாலு வார்த்தைக்குப் பிறகு நீண்ட மௌனம். சரக்... சரக்... காகிதம் சுருட்டும் சத்தம். பிறகு மறுபடி என் குரல். நிதானமாக, யாரோ கேட்கக் கேட்கப் பதில் சொல்வதுபோல். கேட்பவரின் குரல் மட்டும் எங்கும் இல்லை.

"பழங்காநத்தம்."

மௌனம்.

"மூணாவது தெரு. மாடி வீடு."

மௌனம்.

"பொண்ணு ஒண்ணுதான். அஞ்சு வயசு."

மௌனம்.

"நாலேகாலுக்கு வேன்ல வந்து இறங்கும். தனியாத்தான் படி ஏறும்."

இதில் ஒரு வார்த்தைகூட நான் பேசியதில்லை. ஆனால் அது என் குரல். என் வீடு, என் மகள், சொன்னதெல்லாம் உண்மை.

கடைசி நிமிடத்தில் காகிதச் சத்தம் நிற்கிறது. வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு, யாருக்கோ வழிவிடுவதுபோல், என் குரல் சொல்கிறது.

"சரி... வாங்க."